காடு திருத்துவோர்

நம் மொழியில் 'காடு திருத்துதல்' என்னும் தொடர் மிகப் பழையது. மரத்தை வெட்டி, வேரைக் களைந்து, கல்லைப் பொறுக்கி, மேடு பள்ளங்களை நிரவி, விளைநிலமாக ஆக்குவதையே நம் முன்னோர் அவ்வாறு வழங்கினர். அக்காலத்தில் காடு மிகுதி, கழனி குறைவு. ஆகவே காட்டைக் குறைத்தவன் ஊருக்கு நன்மை செய்தவன் ஆனான். இன்று நிலை மாறிவிட்டது. நலிந்துபோன காட்டை மீண்டும் நலமுறச் செய்தல் என்று அதே தொடருக்குப் புதுப்பொருள் கொள்ள வேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம். சொல் ஒன்றே, செயலோ நேர் எதிரானது. இந்தப் புதிய பொருளில் காடு திருத்தப் புகுந்த மனிதர் சிலரின் வரலாற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர்கள் கூடி அமைத்த குழுக்கள் எவ்வாறு வாழ்கின்றன, ஏன் நலிகின்றன, நலிந்தவை மறுபடி தளிர்க்க வழி உண்டா என்பதே என் பேச்சின் பொருள். இது நான் நூலறிவால் மட்டும் பேசும் பொருள் அன்று. நானே ஒரு முறை முயன்று தோற்றவன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கூடலூர்க்காரன். நீலகிரியில் உள்ள கூடலூர் அன்று. தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் உள்ள கூடலூர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் நிற்கிறது. மறுபுறம் மேகமலை. இடையே நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும். எங்கள் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைக்கு அப்பால் மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, பென்னிகுக் என்னும் பொறியாளர் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த நீர் எங்கள் பக்கம் இறங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் சுமார் 14,700 ஏக்கர் நிலம் அதனால் இருபோகம் விளைகிறது. நாங்கள் உண்ணும் சோறு மலையின் கொடை என்று சொன்னால் அது மிகையன்று.

மலையின் உயரத்தில் அரசின் காடு இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. அடிவாரத்தில் உழவரின் வயல் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, காடு என்றும் சொல்ல இயலாமல் வயல் என்றும் சொல்ல இயலாமல் கிடக்கும் குன்றுகளும் ஓடைக்கரைகளும் பல. ஊரார் அவற்றைக் 'கரடு' என்பார்கள். உசிலையும் வெப்பாலையும் விராலியும் ஆவாரையும் கிளுவையும் குடைவேலும் அவற்றின் இயல்பான செல்வம். வளர்ந்தோங்கிய மரங்கள் அல்ல. முள்ளும் புதருமாகவே தோன்றும். ஆயினும் பெய்யும் மழையைப் பிடித்து நிறுத்தி, மண்ணைக் காத்து, ஓடைக்குச் சிறிது சிறிதாக நீர் விடுவது அந்தப் புதர்தான். பெரிய காட்டைக் காக்க அரசு உண்டு. வயலைக் காக்க உடையவன் உண்டு. கரட்டுக்கு யார் உண்டு? இந்தக் கேள்விதான் எங்களை ஒரு காலத்தில் ஒன்று கூட்டியது.

கரட்டுக்கு வந்த பெரும் பகை உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இச்செடியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது இந்த மண்ணுக்கு உரியது அன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் வைத்து வளர்க்கப்பட்டது. பழத்தைப் பறவைகள் தின்றன. விதை தோட்டத்தின் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் சென்றது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். எரித்தாலும் வேர் மடியாது, மீண்டும் தழைக்கும். தன் நிழலில் பிற செடிகளை எளிதில் தலையெடுக்க விடாது. புல் மறைகிறது, புல்லை நம்பிய கால்நடையும் மானும் இடம் மாறுகின்றன. விருந்தாக வந்தது வீட்டையே பிடித்துக்கொண்ட கதை அது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, ஊரில் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தோம். பெயர்ப்பலகை இல்லை; கட்டடம் இல்லை. ஆசிரியர் நால்வர், திராட்சைத் தோட்டக்காரர் சிலர், அச்சகத் தொழிலாளி ஒருவர், மற்றவர் மாணவர்கள். முதல் ஞாயிறு காலையில் நாற்பது பேர் வந்தனர். அந்த உற்சாகத்தை இன்று நினைத்தாலும் உள்ளம் சிலிர்க்கிறது. நிலத்துக்கு உரியவர்களிடம் இசைவு பெற்று, ஒரு கோடை முழுவதும் உழைத்து, கரட்டின் ஒரு சரிவு முழுவதும் இருந்த உண்ணிப் புதரை வெட்டிக் குவித்து எரித்தோம். சரிவு மொட்டையாயிற்று. அதைப் பார்த்து நாங்கள் பெருமை கொண்டோம். பிறகு ஒரு விழா. மேடை போட்டோம், மாலையிட்டோம், முந்நூறு கன்றுகள் நட்டோம், படம் பிடித்துக்கொண்டோம்.

ஐப்பசி மழை வந்தது. காவல் ஏதுமின்றிக் கிடந்த சரிவின் மண் கரைந்து ஓடைக்குள் இறங்கியது. ஓடை தூர்ந்து, நீர் கரை மீறி, கீழேயிருந்த தோட்டம் ஒன்றில் மணலும் கல்லும் பரவின. அடுத்த கோடைக்குள் உண்ணிச்செடி முன்னிலும் அடர்ந்து வளர்ந்துவிட்டது. நட்ட கன்றுகளுள் ஆடு கடித்தவை பாதி. நீரின்றிக் கருகியவை மீதி. எங்கள் வருகைப் பதிவேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. நாற்பது கையெழுத்து இருபதாகி, இருபது ஒன்பதாகி, ஒன்பது மூன்றாகி, கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. சிலர் வேலை தேடித் திருப்பூர் போயினர். சிலர் கல்லூரி முடித்து வெளியூர் போயினர். ஆயினும் உண்மை வேறு. போனவர்களால் குழு நலியவில்லை. நாங்கள் செய்த வேலையில் உயிர் இல்லாததனால் நலிந்தது.

அந்த உண்மையை எனக்கு உணர்த்தியவர் ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர். பாழ்பட்ட சரிவைப் பார்த்து நான் நின்றுகொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "வாத்தியாரய்யா, நீங்க நட்ட கன்னுக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்ல. தானா மொளைச்ச உசிலைக் கன்னையும் சேத்துல்ல வெட்டிப்புட்டீங்க!" புதரின் அடியில், முள்ளின் காவலில், ஆட்டின் வாய்க்கு எட்டாமல், உசிலைக் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. அவை அவர் கண்ணுக்குத் தெரிந்தன. எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கும் வளர்ந்தது உண்ணி என்று எண்ணி, இருந்த காட்டையும் அழித்துவிட்டு, இல்லாத காட்டை நடப் புகுந்தோம்.

இதன் பிறகுதான் வரலாற்றின் பக்கம் திரும்பினேன். எங்களைப் போன்றோர் இதற்கு முன் இருந்திருக்க வேண்டும். அவர்கள் எங்கே வென்றனர், எங்கே தோற்றனர் என்று அறிய விரும்பினேன்.

முதலில் நம் நாட்டையே பார்ப்போம். பொதுச் சொத்தை ஊரார் கூடிச் செப்பம் செய்வது தமிழருக்குப் புதிதன்று. குடிமராமத்து என்னும் வழக்கத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஏரியின் கரையை உயர்த்துவதும், வாய்க்காலில் தூர் வாருவதும் அந்நீரால் பயன்பெறும் குடிகளின் கடமையாக இருந்தன. யார் எத்தனை நாள் உழைப்பது என்பது ஊரில் எல்லோரும் அறிந்த வழக்கு. வெள்ளையர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. தளர்ந்ததைக் கண்டு, 1858ஆம் ஆண்டில் முதலாம் எண் சட்டமாகச் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வராதவர் தண்டம் கட்ட வேண்டும் என்று அது விதித்தது. விளைவு என்ன? தளர்ந்தது நிமிரவில்லை. நீர் ஆட்சி அரசின் கைக்குப் போய்விட்டது. உழைப்பு மட்டும் குடிகளின் தலையில் நின்றது. தன்னுடையது என்ற எண்ணம் போன இடத்தில், தண்டத்துக்கு அஞ்சி எத்தனை நாள் மண் சுமப்பார்கள்? தமிழ்நாட்டு அரசு 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் அதே பெயரால், விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். பெயர் மறக்கப்படவில்லை என்பதே அவ்வழக்கத்தின் பெருமைக்குச் சான்று.

கட்டளை ஒரு பக்கம் தோற்றது என்றால், விழா மற்றொரு பக்கம் போதாமல் நின்றது. 1950ஆம் ஆண்டில் நடுவண் அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி 'வன மகோத்சவம்' என்னும் மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். ஆண்டுதோறும் ஜூலையில் நாடெங்கும் கன்றுகள் நடும் நல்ல வழக்கம் அது. நடும் கையைப் பெருக்கியது அவ்விழா. ஆனால் நட்ட பிறகு வரும் முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களுக்கு விழா இல்லை, மாலை இல்லை, படம் இல்லை. அந்நாட்களில் ஒரு குடம் நீரோடு வருபவன்தான் கன்றுக்கு உரியவன். எங்கள் குழு விழா நாளில் பிறந்து, விழா நாளோடு முடிந்தது என்று இப்போது உணர்கிறேன்.

இனி, கடல் கடந்து ஆஸ்திரேலியா செல்வோம். அங்கே உட்பகுதியில், பாலைக்கு அருகே, பிரோக்கன் ஹில் என்னும் சுரங்க ஊர் இருக்கிறது. சுற்றுப்புற மரங்கள் சுரங்கத்துக்கும் அடுப்புக்கும் வெட்டப்பட்டன. எஞ்சிய செடிகளை ஆடும் முயலும் தின்று தீர்த்தன. மணல் பறந்து ஊரை மூடியது. அவ்வூரில் ஆல்பர்ட் மோரிஸ் என்பவர் சுரங்கக் குழுமம் ஒன்றில் பணியாற்றினார். செடிகளைத் தாமாகவே பயின்றவர். அவரும் அவர் மனைவி மார்கரெட்டும் நண்பர்களும் 1920ஆம் ஆண்டில் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். செடி எது, புல் எது என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்துப் பழகினர். 1936ஆம் ஆண்டில் வாய்ப்பு வந்தது. மோரிஸ் சொன்ன வழி மிக எளியது: வேலி போடுங்கள், ஆட்டையும் முயலையும் உள்ளே விடாதீர்கள், மண்ணில் உறங்கும் விதை தானே எழும். கேட்டவர் பலர் நம்பவில்லை. வேலி எழுந்தது, மழை பெய்தது, வேலிக்குள் பசுமை தோன்றியது, வேலிக்கு வெளியே மணலே நின்றது. மோரிஸ் 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் தொடங்கிய காப்பு நிலம் ஊரைச் சுற்றி வளர்ந்து இன்றும் நிற்கிறது. நடுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பதற்கு இடம் கொடு என்பதே அவர் கற்பித்த பாடம்.

அடுத்த கதை எங்கள் கரட்டுக்கு இன்னும் நெருக்கமானது. ஏனெனில் அதிலும் உண்ணிச்செடி வருகிறது. நமக்கு வந்ததுபோலவே ஆஸ்திரேலியாவுக்கும் அது அழகுச் செடியாகச் சென்று பகையாக மாறியது. சிட்னி நகரின் துறைமுகக் கரையில் மோஸ்மன் என்னும் பகுதியில் ஜோன் பிராட்லி, எலீன் பிராட்லி என்னும் சகோதரியர் இருவர் வாழ்ந்தனர். 1960களில், நாயை அழைத்துக்கொண்டு கரையோரக் காட்டில் நாள்தோறும் நடப்பது அவர்கள் வழக்கம். நடக்கும்போது கைக்கு எட்டிய களைகளைப் பிடுங்குவார்கள். இடத்தைப் பழைய இலைச்சருகால் மூடிவிட்டு வருவார்கள். அதே காட்டில் வேறு இடங்களில், களைகளை ஒரே மூச்சில் வெட்டி வெளியாக்கும் வேலையும் நடந்தது. சகோதரியர் ஒன்றைக் கவனித்தனர். ஒரே மூச்சில் வெளியாக்கிய இடத்தில் களை இரு மடங்காக மீண்டது. தாங்கள் கையால் சிறிது சிறிதாகப் பிடுங்கிய இடத்திலோ அந்த மண்ணுக்குரிய செடிகள் மீண்டன.

பார்த்ததை அவர்கள் மூன்று விதிகளாக வகுத்தனர். நலமான இடத்தில் தொடங்கி நலிந்த இடத்தை நோக்கிச் செல்க என்பது முதல் விதி. மண்ணை இயன்ற அளவு கலைக்காதே என்பது இரண்டாவது. இயற்கைச் செடிகள் மீண்டு வரும் வேகமே உன் வேலையின் வேகத்தை முடிவு செய்யட்டும் என்பது மூன்றாவது. மிக மோசமான இடத்தில் தொடங்குவதே வீரம் என்று நாம் எண்ணுகிறோம். அவர்கள் அதை மறுத்தனர். நலமான இடத்தில் விதை உண்டு, வேர் உண்டு, நிழல் உண்டு; அங்கே ஒரு களையைப் பிடுங்கினால் அந்த இடத்தைப் பிடிக்கப் பத்துச் செடிகள் அருகிலேயே காத்திருக்கின்றன. நலிந்த இடத்தில் ஒரு களையைப் பிடுங்கினால் பத்துக் களைகள் காத்திருக்கின்றன. 1976ஆம் ஆண்டில் எலீன் மறைந்தார். அதே ஆண்டில் அந்நாட்டின் தேசிய அறக்கட்டளை இம்முறையை ஏற்று வேலை தொடங்கியது. ஜோன் 1982இல் மறைந்தார். பிற்காலத்தில் அந்நாட்டின் பல ஊர்களில் ஞாயிறு காலையில் கூடிக் களையெடுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கு இவ்விரு பெண்களின் நடைப்பயிற்சி ஓர் ஊற்றுக்கண் ஆயிற்று.

நம் நாட்டிலும் உண்ணியை வெல்லும் வழியைக் கண்டவர் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு, புதரை மேலே வெட்டுவதும் எரிப்பதும் வீண் என்று காட்டினார். மண்ணுக்குச் சிறிது கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அது மீண்டும் வேர் ஊன்றாது என்பது அவர் முறை. அறுத்த இடத்தில் உடனே நம் நாட்டுப் புல்லும் செடியும் வளர வழி செய்ய வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். தமிழ்நாட்டு அரசும் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டைச் சீர்செய்வதற்கென 2022ஆம் ஆண்டில் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

முறை கிடைத்துவிட்டது, மனிதர் கிடைப்பது எப்படி? இதற்கு விடை தேட நான் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் குமுளி, அதனையடுத்துத் தேக்கடி. பெரியாறு புலிகள் காப்பகம் அங்கே 1978ஆம் ஆண்டில் அமைந்தது. அக்காட்டில் இலவங்கத்தின் இனமான ஒரு மரம் உண்டு. மலையாளத்தில் 'வயணை' என்பர். அதன் பட்டையைக் களவாக உரித்து விற்றுப் பிழைத்தோர் பலர். 1990களின் பிற்பகுதியில், காட்டை ஒட்டி வாழும் மக்களையும் காவலில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் அங்கே நடைபெற்றபோது, பட்டை உரித்துவந்த 23 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தனர். 1998ஆம் ஆண்டு முதல் அவர்கள் பயணிகளுக்குக் காட்டைக் காட்டும் வழிகாட்டிகளாகவும், அதே வேளையில் அக்காட்டின் காவலர்களாகவும் மாறினர். களவுக்குப் பயன்பட்ட அதே தடம், அதே கண், அதே துணிவு காவலுக்குப் பயன்பட்டன. காட்டை நன்கு அறிந்தவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதே கேள்வி.

அதே குமுளியில் மற்றொரு குழுவும் உண்டு. 2002ஆம் ஆண்டில் பெண்கள் கூடி 'வசந்த சேனை' என்னும் பெயரால் அமைந்தனர். சந்தன மரங்கள் நிற்கும் பகுதியைச் சுற்றிக் காவல் செய்வது அவர்கள் ஏற்ற பணி. ஊதியம் கேட்டு வந்தவர்கள் அல்லர். நூறு பேர் அளவில் இருந்தாலும் நூறு பேரும் ஒரே நாளில் செல்வதில்லை. நாள்தோறும் ஒரு சிறு குழு முறை வைத்துச் செல்கிறது. வீட்டு வேலையும் கெடுவதில்லை, காவலும் நிற்பதில்லை. நாற்பது பேரும் ஒரே நாளில் வந்து, பிறகு ஒருவரும் வராமற்போன எங்கள் குழுவை எண்ணிப் பார்த்தேன். ஒரே நாளில் பொங்குவது ஆர்வம். முறை வைத்து வருவது கடமை.

திருவண்ணாமலையின் கதையையும் சொல்ல வேண்டும். கிரிவலம் செல்லும் அன்பர்கள் சுற்றி வரும் அம்மலை, விறகு வெட்டலாலும் தீயாலும் ஒரு காலத்தில் பெரும்பாலும் மொட்டையாக நின்றது. 1987ஆம் ஆண்டில் அவ்வூரில் வாழ்ந்த ஒருவர், மலைக்கு உதவி வேண்டி, ஆஸ்திரேலியாவில் மழைக்காடுகளுக்காக உழைத்துவந்த ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே அண்ணாமலையில் காடு வளர்ப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. பெருங்கோயிலின் மதில்களுக்கு இடையே வெறுமையாகக் கிடந்த நிலம் நாற்றங்கால் ஆயிற்று. அம்மலையின் தீராப் பகை தீ. கோடையில் உலர்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் ஆண்டுக்கணக்கில் வளர்த்த கன்றுகள் ஓர் இரவில் சாம்பலாகும். ஆகவே பின்னர் வந்த அமைப்புகளும் தன்னார்வலரும் நடுவதோடு நில்லாமல், ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் மலைச்சரிவில் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டினர். தீ கண்டால் பச்சைக் கிளைகளோடு ஏறி அடித்து அணைத்தனர். சங்கத்தின் பெயர் மாறலாம், மனிதர் மாறலாம், ஆண்டுதோறும் அந்தக் கோட்டை வெட்ட ஆள் இருக்கும்வரை மலையின் பசுமை நிற்கும்.

இவற்றையெல்லாம் படித்த பிறகு என் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. பிராட்லி சகோதரியர் காட்டுக்குச் சொன்ன முதல் விதி, காடு திருத்தும் குழுவுக்கும் பொருந்தாதா? ஒரு குழு நலிந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஊர் முழுவதையும் அழைக்கிறோம், பெருங்கூட்டம் கூட்டுகிறோம், புதிய விதிகள் எழுதுகிறோம். அஃதாவது மிகவும் நலிந்த இடத்தில் வேலையைத் தொடங்குகிறோம். அவ்வாறன்றி, இன்னும் நலமாக எஞ்சியிருப்பது எது, யாரிடம் அந்த உயிர் இன்னும் இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து தொடங்கினால் என்ன?

தேடினேன். பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் என்னோடு கையெழுத்திட்டிருந்த திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் ஊரில் இருந்தார். ஆடு மேய்க்கும் அந்த மூதாட்டியின் பேரன் கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் மூவரானோம். மூதாட்டியை நான்காமவராக அழைத்தோம். அவர் சிரித்தார், பிறகு வந்தார். "எங்க ஆட்டுக்கு ஒரு தடம் விட்டுருங்க, மத்த பக்கம் நான் பாத்துக்கிறேன்" என்றார். முதல் முயற்சியில் ஆட்டை நாங்கள் பகையாக எண்ணியிருந்தோம். ஆடு மேய்ப்பவரைக் கேட்கவே இல்லை. இம்முறை தடம் விட்டோம், காவல் கிடைத்தது. மலையடிவாரத்தில் வாழும் பளியர் பெரியவர் ஒருவரும் ஒரு நாள் எங்களோடு நடந்தார். நாங்கள் 'வெறும் முள்' என்று கடந்து போனவற்றுக்கெல்லாம் அவர் பெயர் சொன்னார். எது எந்த மாதத்தில் விதை விடும் என்றும் சொன்னார்.

முறைப்படி மீண்டும் இசைவு பெற்றோம். மொட்டைச் சரிவுக்குப் போகவில்லை. ஓடை வளையும் இடத்தில், பத்துச் சென்ட் அளவில், உசிலையும் வெப்பாலையும் விராலியும் இன்னும் நெருங்கி நின்ற ஒரு சிறு துண்டு இருந்தது. அதன் ஓரத்திலிருந்து தொடங்கினோம். ஞாயிறுதோறும் காலை ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை. அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. உரை இல்லை; மாலை இல்லை. உண்ணியின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்து வைப்பதும், அதன் அடியில் முளைத்துள்ள நம் கன்றைக் கண்டு ஒதுக்குவதுமே வேலை. இரண்டு மழைக்காலம் சென்றுவிட்டன. நாங்கள் ஒரு கன்றும் நடவில்லை. ஆயினும் அந்தத் துண்டு முன்னைவிட அகலமாகியிருக்கிறது. உசிலைக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. குழுவில் இப்போது பதினொருவர் இருக்கிறோம். முறை வைத்து வருகிறோம். ஒரு ஞாயிறு நால்வருக்குக் குறைந்ததில்லை. பாழ்பட்ட சரிவை அடைய இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ, என் வாழ்நாள் அதற்குப் போதுமோ என்று அறியேன். அது பற்றி எனக்கு இப்போது கவலையும் இல்லை. ஏனெனில் பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே வேறு கையெழுத்துகள் இருக்கின்றன.

எங்கள் மலைமேல், வண்ணாத்திப்பாறைப் பகுதியில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மதுரையை விட்டு மேற்கே நடந்து மலையேறிய கண்ணகி, வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சித்திரை முழுநிலா நாளில் பல்லாயிரவர் பளியன்குடி வழியாக அந்த மலையேறுகின்றனர். காவியத்தில் அவள் நின்ற வேங்கையை நட்டவர் யாரும் இல்லை. அது தானே முளைத்தது, தானே வளர்ந்தது, வெட்டப்படாமல் விடப்பட்டதனால் நிழல் தந்தது. காடு திருத்துவோர் வேலையில் பெரும்பகுதி இதுதான். வளர வந்ததை அறிந்துகொள்வது, அதற்கு இடையூறாக நிற்பதைப் பொறுமையோடு விலக்குவது, பிறகு விட்டுவிடுவது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கரடு இருக்கும். ஓர் ஓடைக்கரை, ஒரு கோயில் காடு, ஒரு குளத்தங்கரை இருக்கும். அங்கே ஒரு காலத்தில் கன்று நட்டுக் கலைந்துபோன குழு ஒன்றும் இருக்கக்கூடும். அரசின் காப்புக் காட்டுக்குள் இசைவின்றி நுழையாதீர்கள். அது குற்றமும் ஆகும், ஆபத்தும் ஆகும். ஊரின் பொது நிலத்தில் முறையாகக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். அரிவாளை எடுப்பதற்கு முன் அங்கே ஆடு மேய்ப்பவரையும் மூலிகை பறிப்பவரையும் கண்டு பேசுங்கள். ஓராண்டேனும் செடிகளின் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். மிக நலமான மூலை எது என்று பாருங்கள். பழைய குழுவின் பதிவேட்டில் கடைசியாகக் கையெழுத்திட்டவர் யார் என்றும் தேடுங்கள். அவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். யாரேனும் தட்டமாட்டார்களா என்று அவர் வெகுநாளாகக் காத்திருக்கக்கூடும். நான் காத்திருந்தேன்.